மனுதாரர்

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

மக்கள் பிரதிநிதிகளாக இருந்து மறைந்தவர்களை நாம் எதைக் கொண்டு நினைவு கூர்கிறோம்? எங்கள் இராசபாளையம் வட்டாரத்தில் பி.எஸ்.குமாரசாமி ராஜாவைச் சொல்வார்கள். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர். தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். மற்றவர்களுக்குச் சிலை உண்டு, தெருப்பெயர் உண்டு. நான் நினைவு கூர விரும்புவது ஒரு மனுவில் கையெழுத்திட்ட மனிதரை. அவர் ஏ.நல்லசிவன்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். 1992 இல் மாநிலங்களவை உறுப்பினராகவும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராகவும் இருந்தார். கட்சி பற்றி எழுத இது இடமன்று. எனக்கு அந்த எண்ணமும் இல்லை.

அந்த ஆண்டு ஜூன் 20 ஆம் நாள், தருமபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடியில் உள்ள வாச்சாத்தி என்ற பழங்குடிச் சிற்றூருக்குள் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் நுழைந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன. குடிதண்ணீர்க் கிணறு பாழாக்கப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதற்கும் மேலாக, பெண்களையும் குழந்தைகளையும் குற்றவாளிகள் என்று சிறையில் அடைத்தார்கள்!

தேவதானத்தில் பிறந்த எனக்கு இது தூரத்துச் செய்தியாகப் படவில்லை. எங்கள் ஊரும் மலையடிவாரந்தான். விறகுக்கட்டோடு வரும் பெண்கள், காக்கிச் சட்டையைக் கண்டால் பாதையை விட்டு ஒதுங்கி நிற்பதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன்.

நல்லசிவன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். வழக்கு அங்கிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணைய அதிகாரி ஒருவர் நேரில் சென்று எழுதிய அறிக்கை பெருந்துணையாயிற்று. 1995 இல் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டது. சொல்லும்போது நான்கு வரிதான். நடந்து முடிய மூன்றாண்டு ஆயிற்று.

மனு என்றால் என்ன பெரிய காரியம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் அத்தை கதையைக் கேட்டால் அப்படி நினைக்கமாட்டார்கள். களையெடுத்துவிட்டு வரும் வழியில் ஒருவன் அவள் கம்மலைப் பறித்தான்; காது அறுந்தது. வழக்கு நடந்தது. நான்கு தடவை போய் வந்தாள். போன நாளெல்லாம் கூலி போயிற்று. அங்கே அவளுக்கு ‘முதல் சாட்சி’ என்று பெயர். முடிவு என்னவென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. “ஏய்யா, அறுந்தது என் காது. கேசு சர்க்காருக்கும் அவனுக்குமா?” என்று என்னைக் கேட்டாள். வீட்டில் கல்லூரிக்குப் போகிறவன் நான் ஒருவன்தானே, என்னைத்தான் கேட்பாள்! நான் படிப்பதோ இயற்பியல். நூலகத்தில் தேடியபோதுதான் வாச்சாத்தியும் நல்லசிவனும் என் கண்ணில் பட்டார்கள்.

அவள் கேட்டது சரிதான். நம் சட்டத்தில் குற்ற வழக்கை நடத்துவது அரசு, அடிபட்டவர் சாட்சி. அடித்ததே அரசின் ஆட்களாக இருந்தால்? அப்போது அடிபட்டவருக்காக வேறொருவர் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. பதவியில் இருப்பவர் தம் பெயரைக் கொடுத்தால், எளியவர் சொல்லுக்கும் காது கிடைக்கிறது. 2009 டிசம்பர் 31 முதல்தான் ‘பாதிக்கப்பட்டவர்’ யார் என்பதற்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விளக்கம் வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானால் மேல்முறையீடு செய்யும் உரிமையும், இழப்பீட்டுத் திட்டமும் உடன் வந்தன. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவை உள்ளன. வாச்சாத்திப் பெண்கள் போராடத் தொடங்கிய காலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

அப்பெண்கள் நீதிமன்றத்தில் நின்று ஆட்களை அடையாளம் காட்டினார்கள். உண்மையான வீரம் அவர்களுடையது. நல்லசிவனைப் போற்றும்போது இதை மறைத்தல் தகாது. குற்றம் சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் உயிரோடு இல்லை. எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று.

பன்னிரண்டு ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 29 இல், உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதி வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் பத்து லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்றும் உத்தரவாயிற்று.

நல்லசிவன் 1997 இலேயே மறைந்துவிட்டார்.