மூன்று அடியும் ஒரு மைக்கோடும்

பேச்சினாலேயே எத்துயரையும் ஆற்றிவிடலாம் என்னும் எண்ணம் குருக்களாகிய எங்களை எளிதில் பற்றிக்கொள்ளும். எனக்கும் அது இருந்தது. சில ஆண்டுகளுக்குமுன், என் பங்கைச் சேர்ந்த பனையேறும் தொழிலாளி ஒருவர் மரத்திலிருந்து விழுந்து இறந்தார். அடக்கப் பூசையில் இருபது நிமிடம் பிரசங்கம் செய்தேன். அவருடைய மனைவி ஒருமுறைகூடத் தலை நிமிரவில்லை. அன்றிரவு என் சொற்கள் எனக்கே பாரமாயின.

அந்நாட்களில் ஜப்பானியரின் ‘ஹைகா’ என்னும் கலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றடி ஹைக்கூ, கருமையில் தூரிகை தோய்த்துத் தீட்டிய எளிய சித்திரம், அழகிய கையெழுத்து ஆகிய மூன்றும் ஒரே தாளில் கூடுவது அது. 18-ஆம் நூற்றாண்டின் பூசோன் இதில் வல்லவர். பாடல் சொன்னதையே படம் திருப்பிச் சொல்லாது. இரண்டிற்கும் நடுவே வெற்றிடம் விடப்படும்.

இக்கலை நமக்கு முற்றிலும் அயலானதன்று. திருநெல்வேலியில் பள்ளி பயின்ற பாரதியார் 1916-இல் ‘சுதேசமித்திரன்’ இதழில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதினார். 1984-இல் ‘புள்ளிப் பூக்கள்’ என்னும் ஹைக்கூ நூலைத் தந்த அமுதபாரதி ஓவியரும் ஆவார். எழுத்தில் ஒரு சிறு சுழியின் மதிப்பையோ, காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் காட்டினார். கொம்பைச் சுழித்து எகர ஏகாரக் குழப்பத்தைத் தீர்த்தவர் அவரே.

தாமிரபரணிக் கரையில் நாணற் குச்சி ஒன்றை வெட்டிச் சீவி, மையில் தோய்த்து எழுதினேன்:

சாய்த்த முருக்குத்தடி;
பனையின் உச்சியில்
இறங்காத நிலா.

அருகே ஒற்றைப் பனையை வரைந்தேன், நிலாவை வரையவில்லை. முப்பதாம் நாள் பூசைக்குப்பின் அத்தாளை அந்த அம்மாவிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்தார். “நிலாவைக் காணோமே, சாமி” என்றார். பிறகு வெற்றிடத்தில் விரலை வைத்து, “இங்கேதான் இருக்கும். விடியுமுன்னே இதைப் பார்த்துக்கொண்டுதான் அவர் புறப்படுவார்” என்றார். கணவரைப் பற்றி அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுவே. அன்று நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன்.

நம் ஆண்டவரும் ஒருமுறை குனிந்து, விரலால் தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று நற்செய்தியாளர் சொல்லவில்லை. ஆயினும் கல்லெறிய வந்தவர்கள் கலைந்து போயினர்.

அன்பர்களே, வரும் நவம்பர் 2-ஆம் நாள், மரித்தோரை நினைத்து உங்கள் பிள்ளைகளை மூன்றே அடி எழுதச் சொல்லுங்கள். அருகில் ஒரு கோட்டுச் சித்திரமும் இருக்கட்டும். தாளில் சற்று இடம் விடச் சொல்லுங்கள். மற்றதைத் துயருற்றவர்களே நமக்குச் சொல்வார்கள்.