கடல் குடலாகும் விதம்

பாமினியில் 'கடல்' என்று அடிப்பதற்கு ஆங்கில விசைப்பலகையில் நாங்கள் தட்டுவது எஃப், எல், வை, பிறகு ஒரு அரைப்புள்ளி. திரையில் எங்களுக்குக் கடல் தெரியும். கணினிக்குத் தெரிவது 'ஃப்ளை' என்ற ஆங்கிலச் சொல். பாமினி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கோப்புக்குள்ளே இருப்பது முழுக்க ஆங்கில எழுத்து. அதில் சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. சின்ன எம் அ, பெரிய எம் ஆ.

வேர்ட்டுக்கு ஒரு பழக்கம் இருக்கு. முற்றுப்புள்ளிக்குப் பிறகு வருகிற முதல் எழுத்தை, கேட்காமலே, பெரிய எழுத்தாக்கிவிடும். ஆங்கிலத்துக்கு அது உதவிதான். பாமினியில் வசனம் 'கடல்' என்று தொடங்கினால் அது 'குடல்' ஆகிவிடும். 'அவர்' 'ஆவர்' ஆவார். தமிழ் துமிழாகும், மக்கள் முக்கள் ஆவார்கள், உண்மை ஊண்மையாகும். இதை வைரஸ் எண்டு நினைத்து லப்டொப்பைத் திருத்தக் குடுத்த ஆக்களும் எங்கட பட்ஜில் இருக்கினம்.

எங்கள் அறையில் நாலு பேர், எல்லாரும் கலைப்பீடம், இறுதி வருடம். ஒருத்தி கருவாடு போடும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதினாள். நேர்காணல்கள் முழுக்கக் கொப்பியில் கையால் எழுதி வந்தவை. அதைப் பார்த்து அடிக்கும்போது கண் கொப்பியில் இருக்கும், திரையில் இருக்காது. சொல்லை முடித்து அடுத்ததற்குப் போகிற அந்த நொடியில்தான் எழுத்து மாறும். முதல் பிரதி திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனை. கடைசிப் பக்கத்தில், முதலில் பிழையில்லாமல் தமிழ் எழுதப் பழகவும் என்று ஒரு குறிப்பு. ஏ.எல்லில் தமிழுக்கு ஏ எடுத்தவள் அவள். அண்டைக்கு இரவு அவள் சாப்பிடேல்ல.

நிற்பாட்டுவது சுகம். ஃபைல், ஒப்ஷன்ஸ், புரூஃபிங், ஓட்டோ கரெக்ட் ஒப்ஷன்ஸ் என்று போனால் ஒரு பெட்டி திறக்கும். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் வரிக்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுக்க வேண்டும். அதற்கு மேலே, சொல்லின் தொடக்கத்தில் இரண்டு பெரிய எழுத்து வந்தால் இரண்டாவதைச் சிறிதாக்கும் வரி. அதையும் எடுங்கோ, இல்லாவிட்டால் குருவி குரவியாகும். மாறுகிற கணத்திலேயே கண்டால் கன்ட்ரோல் இசெட் போதும், அந்த மாற்றம் மட்டும் திரும்பிப் போகும்.

ஏற்கெனவே மாறிப்போனதுதான் பெரிய வேலை. 'குடல்' எல்லாவற்றையும் ஒரேயடியாகக் 'கடல்' ஆக்கு என்று கட்டளை குடுக்கலாமே என்று ஒருத்தி சொன்னாள். ஆனால் கருவாட்டு ஆய்வு பாருங்கோ, மீனின் வயிற்றைக் கீறிக் குடல் எடுக்கிறது அதில் ஒரு முழு அத்தியாயம்! ஆகவே ஒவ்வொன்றாகத் தேடி, கொப்பியோடு ஒப்பிட்டு, நாலு பேரும் அத்தியாயங்களைப் பிரித்து எடுத்துத் திருத்தினோம். இரண்டு இரவு போனது.

வேர்ட்டின் மற்றத் தொல்லைகள் இதோடு பார்த்தால் சின்னவை. மூன்று சிறுகோடு போட்டு என்டர் தட்டினால் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு விழும், எவ்வளவு டிலீற் அடித்தாலும் போகாது. அது எழுத்தில்லை, பந்தியின் போடர், நோ போடர் கொடுத்தால் போய்விடும். அவை கண்ணுக்குத் தெரிகிற தொல்லைகள். 'ஆவர்' அப்படியில்லை. அது உண்மையான தமிழ்ச் சொல், வாசிக்கிறவர் எழுதியவளைத்தான் சந்தேகிப்பார்.

யுனிகோடில் எழுதினால் இந்தச் சிக்கலே இல்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சில்லை, வேர்ட்டுக்கு மாற்ற ஒன்றும் அகப்படாது. 1991இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. எங்கள் துறையில் இன்னும் பாமினியில்தான் கேட்கிறார்கள், அச்சகத்துக்கு அதுதான் வசதியாம். எழுதுகிறவருக்கு எது வசதி என்று யாரும் கேட்டதில்லை. பாமினிக் கோப்பைப் பிறகு யுனிகோடுக்கு மாற்றினாலும் குடல் குடலாகவே மாறும். கொப்பி தொலைந்துவிட்டால், அந்தப் பெண் கடல் என்றுதான் சொன்னாள் என்பதைக் கண்டுபிடிக்க வழியில்லை.

இன்னொன்று, இந்த ஓட்டோ கரெக்ட் அமைப்பு கோப்போடு சேர்ந்து வராது. அது அந்தந்தக் கணினியில் இருப்பது. உங்கள் லப்டொப்பில் நிற்பாட்டிவிட்டு, பிரின்ட் எடுக்கப் போன இடத்தில் கடைசி நேரம் இரண்டு வசனம் சேர்த்தால் அந்த இரண்டிலும் மாறும். வளாகத்துக்கு முன்னால் இருக்கிற கொமினிகேசன் கடை அண்ணாவிடம், அங்கேயும் அதை நிற்பாட்டி விடச் சொல்லிக் கேட்டோம்.

"நிப்பாட்டினால் இங்கிலிஷ் சீவி அடிக்கிற பெடியள் வந்து சண்டை பிடிப்பாங்கள் தங்கச்சி" என்றார். பிறகு மூலையில் இருந்த பழைய கணினியைக் காட்டி, அதில் மட்டும் நிற்பாட்டித் தாறன் என்றார். இப்ப அந்தக் கணினியில் பாமினிக்காரர் வரிசை.