இரண்டடிக் கட்டத்துக்குள் எத்தனை அங்குலத் தொட்டி?

சிலமலையில் புது வீடு கட்டுகிறவர்கள் சமையலறையைக் கடைசிக்கு வைத்திருக்கிறார்கள். பூச்சும் தரையும் முடிந்த பிறகுதான் மேடை வேலை. மேஸ்திரி கடப்பாக்கல் பலகைகளை நிறுத்தி, அடிப்பகுதியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துவிட்டுப் போவார். அடுத்து கிரானைட்காரர் மேல்கல்லைப் போட்டு, சிங்க் உட்காரும் ஓட்டையை வெட்டுவார். பிளம்பர் குழாய் இழுப்பார். எல்லாரும் போன பின் கப்போர்டுக்காரர் வந்து பெட்டியும் கதவும் மாட்டுவார். ஒருவர் வேலை பார்க்கும்போது இன்னொருவர் பக்கத்தில் இருப்பது அபூர்வம். நான்கு பேர் கணக்கும் வந்து முட்டிக்கொள்கிற இடம் சிங்க். அந்த முட்டலைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

போடியிலிருந்து தேவாரம் போகும் சாலையில் இருக்கிறது ஊர். மேற்கே நிமிர்ந்தால் மலை. விடியுமுன்னே ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, கேரள எல்லை தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத் திரும்புகிற வாழ்க்கை. நான் போன வீட்டுக்காரம்மாவும் அப்படி மலைக்குப் போகிறவர்தான். காலையில் நாலு மணிக்கே உலை வைத்துவிடுவார். சோறு வடித்த சட்டி, குழம்புச் சட்டி, தோசைக்கல் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கும். மாலையில் தூக்குவாளிகளும் சேர்ந்துகொள்ளும். பகலெல்லாம் குனிந்து காய் எடுத்த இடுப்போடு ராத்திரி வந்து அத்தனையையும் விளக்க வேண்டும்.

பழைய வீட்டில் மூலையில் ஓர் அங்கணம் இருந்தது. அரிசி களையவும் கை கழுவவும் மட்டும்தான் அது. பாத்திரம் விளக்குவதெல்லாம் கொல்லையில், துவைகல்லுக்குப் பக்கத்தில், குத்தவைத்து உட்கார்ந்து. அந்தத் தண்ணீர் நேரே வாழைக்குப் போகும். இனி நின்றுகொண்டே விளக்கலாம் என்பதுதான் புது வீட்டில் அவர் எதிர்பார்த்த பெரிய வசதி. அதற்காகவே போடியில் ஒரு கடையில் பெரிய சிங்க்காகப் பார்த்து வாங்கி வைத்திருந்தார். 24-க்கு 18 அங்குலம், ஆழம் 10. அட்டைப்பெட்டிகூடப் பிரிக்கவில்லை.

கிரானைட்காரர் பெட்டியைப் பிரித்ததும் முதலில் சிங்க்கைக் கவிழ்த்து வைத்தார். "கடையில எல்லாரும் மேல பாத்து வாங்குறாங்க. இது கீழ பாத்து வாங்க வேண்டிய சாமான்" என்றார். 24-க்கு 18 என்பது விளிம்போடு சேர்த்த அளவு. கல்லின் மேல் படிகிற விளிம்பு நாலு பக்கமும் ஓர் அங்குலம். உள்ளே இறங்குகிற தொட்டி 22-க்கு 16. விளிம்பு கல்மேல் உட்கார்ந்துவிடும், சிக்கல் இல்லை. இறங்குகிற பகுதிக்குத்தான் கீழே இடம் வேண்டும்.

டேப்பைக் கட்டத்துக்குள் விட்டுப் பார்த்தார். மேஸ்திரி இரண்டடி விட்டதாகச் சொன்னது கல்லின் நடுவிலிருந்து அடுத்த கல்லின் நடுவுக்கு. கடப்பாக்கல் ஓர் அங்குல கனம். அது போக உள்ளே சுத்தமாகக் கிடைப்பது 23 அங்குலம். கப்போர்டுக்காரர் இரண்டு பக்கமும் 18 மில்லிமீட்டர் பலகை அடித்தால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் போய்விடும். மிச்சம் இருபத்தொன்றரை. அதில் 22 அங்குலத் தொட்டி எப்படி இறங்கும்? மேஸ்திரி பொய் சொல்லவில்லை. கடைக்காரரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்கு ஓர் இரண்டடி இருந்தது, அவ்வளவுதான்.

ஆலையில் செய்து வருகிற பெட்டிகளிலும் இதே கணக்குதான். 600 மில்லிமீட்டர் கேபினட் என்றால் அது வெளி அளவு. இரண்டு பக்கப் பலகைகளின் 36 மில்லிமீட்டரைக் கழித்தால் உள்ளே 564, அதாவது 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால் விவரம் தெரிந்த கப்போர்டுக்காரர்கள் ஒரு பொதுக்கணக்கு வைத்திருக்கிறார்கள். சிங்க்கின் மொத்த நீளத்தோடு மூன்று அங்குலம் கூட்டினால் வருவதே பெட்டியின் வெளி அகலம். 24 அங்குல சிங்க்குக்கு 27 அங்குலப் பெட்டி. இரண்டடிப் பெட்டிக்கு 21 அங்குல சிங்க். கல்லுக்கு அடியிலிருந்து ஒட்டுகிற வகை என்றால் இதில் சமரசமே கிடையாது. அங்கே தொட்டி மட்டுமல்ல, விளிம்பும் பெட்டிக்குள்ளேயே அடங்க வேண்டும். கிளிப் முடுக்கக் கை நுழையவும் இடம் வேண்டும்.

"பக்கத்துக் கட்டத்துல மூணு அங்குலம் எடுத்துக்கலாமாண்ணே?" என்று வீட்டுக்கார அக்கா கேட்டார். பக்கத்துக் கட்டம் 14.2 கிலோ சிலிண்டருக்கானது. சிலிண்டரே ஓர் அடிக்கு மேல் குறுக்களவு. அதை உருட்டி உள்ளே வைத்து ரெகுலேட்டரைத் திருகக் கை போக வேண்டும். கல்லும் ஏற்கெனவே சுவரில் பதிந்து இறுகிவிட்டது. அந்த யோசனை அதோடு நின்றது.

முன்பின் அளவுக்கு இன்னொரு கணக்கு. மேடைக்கல்லின் ஆழம் 24 அங்குலம். சிங்க் 18 எடுத்துக்கொண்டால் மீதி ஆறு. அதில் முன்பக்கம் குறைந்தது இரண்டரை, மூன்று அங்குலமாவது கல் நிற்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் அந்தக் குறுகிய பட்டையில் ஆள் சாய்ந்தாலே விரிசல் விழும் என்றார் கிரானைட்காரர். ஆறு அங்குலத்தில் பின்பக்கம் குழாய்க்கு எவ்வளவு விடுவது என்று பல வீடுகளில் தகராறு வரும். இங்கே சிங்க் காக் சுவரிலிருந்தே வருவதால் அந்தத் தொல்லை இல்லை.

கல்லை வெட்டுவதைப் பார்க்க எனக்குப் பொறுமை வேண்டியிருந்தது, அவருக்கு அதைவிட அதிகம். முதலில் பென்சிலால் கோடு. நான்கு மூலையிலும் வட்டமாகத் துளை. பிறகுதான் ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு பிளேடு ஓடும். நேராகக் கூர்மூலை வெட்டினால் என்ன என்று கேட்டேன். கல்லில் விரிசல் எப்போதும் கூர்மூலையில்தான் கிளம்பும், மூலை வளைவாக இருந்தால் கல்மேல் விழுகிற பாரம் ஒரே புள்ளியில் சேராது என்றார். பொறியியல் கல்லூரியில் அழுத்தக் குவிப்பு என்று பாடம் நடத்துவார்கள். இவர் அதைப் பிளந்துபோன கற்களில் படித்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பையன் பாட்டிலில் துளையிட்டு, பிளேடு போகும் தடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்தான். பிளேடு சூடாகாமல் இருப்பதற்கு என்றுதான் அவன் நினைத்திருந்தான். கிரானைட் தூளில் இருக்கும் சிலிக்கா, ஆண்டுக்கணக்கில் மூச்சோடு போனால் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். சிலிக்கோசிஸ் வந்த நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. அந்தத் தண்ணீர் முதலில் காப்பது அவனைத்தான். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். நுண்தூளுக்குத் துண்டு போதாது.

அகலத்தில் ஆளுக்கொரு கணக்கு இருந்தது. ஆழத்தை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. அதைக் கிளப்பியவர் கப்போர்டுக்காரர். அன்று தற்செயலாக அளவெடுக்க வந்திருந்தார். "அக்கா, கையத் தொங்கப் போட்டு நில்லுங்க" என்று சொல்லித் தரையிலிருந்து அவர் உள்ளங்கை வரை டேப் பிடித்தார். 26 அங்குலம். மேடையின் உயரம் 34. பத்து அங்குல ஆழத் தொட்டியின் அடி, தரையிலிருந்து 24 அங்குலத்தில் இருக்கும். உள்ளங்கைக்கும் கீழே இரண்டு அங்குலம். அடியில் கிடக்கிற கரண்டியை எடுக்க ஒவ்வொரு முறையும் முதுகை வளைக்க வேண்டும். எட்டு அங்குல ஆழம் என்றால் அடி சரியாக 26-ல் வந்து நிற்கும். மேடையை உயர்த்தலாமே என்றால், அதே மேடையில்தான் அடுப்பும் இருக்கிறது. அடுப்பின் மேல் குழம்புச் சட்டி ஏறினால், ஐந்தடிப் பெண் எட்டிப் பார்த்துக் கிண்ட வேண்டிவரும். சமையலுக்கு மேடை தாழ்ந்திருக்க வேண்டும், கழுவுவதற்கு உயர்ந்திருக்க வேண்டும். ஒரே கல் இரண்டுக்கும் ஈடுகொடுக்க வேண்டுமானால், தொட்டியின் ஆழத்தில்தான் விட்டுக்கொடுக்க முடியும். 1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்குச் சமையலறை வரைந்தபோது, வீட்டுவேலையின் அசைவுகளை நேரம் குறித்து அளந்த ஆய்வுகளை முன்னால் வைத்துக்கொண்டார். வேலை செய்கிற உடம்பிலிருந்து அளவு தொடங்க வேண்டும் என்ற அந்த முறையை இந்த மனிதர் எங்கும் படித்ததில்லை. அவருடைய அம்மாவும் மலைக்குப் போனவர். அதைச் சொல்லிவிட்டு டேப்பைச் சுருட்டினார்.

பிளம்பர் தம்பி வந்தபோது ஆழத்துக்கு இன்னொரு காரணமும் சேர்ந்தது. தொட்டிக்கு அடியில் கப்ளிங், அதற்குக் கீழே பாட்டில் டிராப். டிராப்பில் எப்போதும் தேங்கி நிற்கிற இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. தொட்டி ஆழமானால் டிராப்பும் கீழே இறங்கும். சுவரில் வைத்திருக்கும் வாய்க்குழாய் அதைவிட மேலே இருந்துவிட்டால் கழிவுநீர் மேல்நோக்கி ஏறவேண்டும். ஏறாது. மேஸ்திரி ஓட்டை போட்ட உயரத்துக்குப் பத்து அங்குலத் தொட்டி இழுபறிதான் என்றான். பின்னால் வருகிறவன் தலையில்தான் எல்லார் தப்பும் விடிகிறது என்பது அவனுடைய நெடுநாள் குறை. சுவரை உடைத்தால் வீட்டுக்காரர் அவனைத்தான் திட்டுவார்.

சிங்க்கை மாற்ற மறுபடி போடிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். இந்த முறை அக்கா பையில் தோசைக்கல்லையும் பெரிய குக்கரையும் எடுத்துக்கொண்டார். கடையில் வேடிக்கை பார்த்தார்கள். அவர் கூச்சப்படாமல் ஒவ்வொரு தொட்டியிலும் குக்கரை வைத்துத் திருப்பிப் பார்த்தார். 21-க்கு 18-இல் தொட்டி 19-க்கு 16. தோசைக்கல் படுத்தது, குக்கர் சுழன்றது. தகட்டையும் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார் கிரானைட்காரர். 304 ரகம் என்றால் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். உப்பும் புளியும் பட்டாலும் எளிதில் துரு ஏறாது. வீட்டு உபயோக எவர்சில்வர் சிங்க்குகளுக்கு ஐ.எஸ். 13983 என்று இந்தியத் தரநிலையே இருக்கிறது. ஆழ்குழாய்த் தண்ணீர் வெள்ளைத் தடம் விடுகிற ஊரில் பளபளப்பு வேண்டாம், மங்கல் பூச்சே மேல் என்று கடைப்பையன் சொன்னது நல்ல யோசனை. பெரியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சின்னதாக மாற்ற வந்த வாடிக்கையாளர் அவனுக்குப் புதிது.

பெட்டிக்குச் சாதாரணப் பலகை வேண்டாம், ஐ.எஸ். 710 மரைன் பிளைவுட் அல்லது பிவிசி என்று கப்போர்டுக்காரர் முன்பே சொல்லியிருந்தார். சிங்க்குக்கு அடியில் எப்போதோ ஒருநாள் ஒழுகத்தான் செய்யும். சாதாரணப் பலகை ஒரே மழைக்காலத்தில் ஊதிவிடும்.

இத்தனை பேர் வேலையையும் பார்த்த பிறகு எனக்குப் பட்டது இதுதான். அளவில் தப்பு செய்கிறவர் யாரும் இல்லை. வரிசையில்தான் தப்பு. நாம் கடையிலிருந்து தொடங்கி, கல், பெட்டி, குழாய் என்று வந்து, கடைசியில் அந்தப் பெண்ணின் இடுப்பில் முடிக்கிறோம். நிற்கப்போகிறவரின் உள்ளங்கையையும் அவர் வீட்டுப் பெரிய பாத்திரத்தையும் முதலில் அளந்து, அதிலிருந்து தொட்டி, தொட்டியிலிருந்து கட்டம், கட்டத்திலிருந்து குழாயின் உயரம் என்று வந்தால், மேஸ்திரி முதல் கல்லை நிறுத்தும்போதே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

எல்லாம் அடங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் இறங்குகிற அண்டா, 21 அங்குல சிங்க்கில் மட்டுமல்ல, 24-லும் அடங்காது. வீட்டைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட மேஸ்திரி ஆட்களோடு வந்தபோது, கொல்லைத் துவைகல்லைப் பெயர்க்கக் கூடாது என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்.

"அதான் சிங்க் வந்துருச்சேக்கா, அந்தக் கல்லு எதுக்கு?" என்றார் மேஸ்திரி.

"சிங்க் நித்தப்பாட்டுக்கு. கல்லு நல்லநாளுக்கு. ரெண்டும் இருக்கட்டும்."

தளம் கல்லைச் சுற்றி வளைந்துதான் போயிருக்கிறது.