வாசலில் நிற்பவர் யார்: புதுச்சேரிக் கொம்யூன்களின் எல்லை அனுபவம்

ஒரு நாட்டின் வாசலில் ஆவணங்களைப் பார்த்து ஒருவரை உள்ளே விடுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கும் பணியில் இரண்டு வகைத் தவறுகள் நேரலாம். கேடு செய்ய வருபவரை விட்டுவிடுவது ஒன்று. குற்றமற்றவரை மறித்துவிடுவது மற்றொன்று. முதல் தவறு ஊரறிய வெளிப்படும். விசாரணை நடக்கும், முத்திரை குத்தியவர் யார் என்று கேட்பார்கள். இரண்டாவது தவறு வெளியே வருவதே இல்லை. திருப்பி அனுப்பப்பட்டவர் போய்விடுகிறார். அவர் இழந்த வேலையும், கடைசியாகப் பார்க்க முடியாமல் போன தாயும் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை. அதனால் இந்தப் பணியில் இருப்பவரின் கை தானாகவே மறுப்பின் பக்கம் சாயும். அந்தச் சாய்வை உணர்ந்து நிமிர்த்திக்கொள்வதே இந்தத் தொழிலில் பெரும்பகுதி. பாதுகாப்பையும் உரிமையையும் தராசின் இரு தட்டில் வைப்பதாகப் பேசுவார்கள். மேசைக்கு வரும் கேள்விகள் அதைவிடச் சிறியவை: கையில் உள்ள சான்று எவ்வளவு, அது பொய்யானால் இழப்பு யாருக்கு, அந்த இழப்பைப் பிறகு ஈடுசெய்ய முடியுமா.

இந்தக் கேள்விகளைப் படிப்பதற்கு புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை (பிரெஞ்சு ஆட்சி வகுத்த உள்ளாட்சிப் பிரிவுகளை) போன்ற இடம் தமிழ்நாட்டுப் பக்கத்தில் வேறில்லை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த கிராமங்கள் இவை. போர்களில் பறிபோய், நெப்போலியன் காலம் முடிந்தபின் திரும்பக் கிடைத்தபோது ஒரே பரப்பாக அமையவில்லை; தென்னார்க்காட்டு ஆங்கிலேயக் கிராமங்களுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கிடந்தன. நிலம் ஓர் அரசின் கீழ், களத்துமேடு இன்னோர் அரசின் கீழ் என்பது இங்கே வியப்பான செய்தி அல்ல. ஒரே ஏரிப் பாசனத்தை நம்பிய உழவர்கள் இரண்டு பேரரசுகளின் குடிகளாக இருந்தார்கள்.

ஆங்கிலேய அரசுக்கு இந்த எல்லை ஓட்டையாகத் தெரிந்தது. துரத்தப்பட்டவர்களுக்கு அதுவே கதவு. 1908இல் பாரதியார் புதுச்சேரிக்கு வந்தார். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தரும், அதே ஆண்டில் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். 'இந்தியா' இதழ் புதுச்சேரியில் அச்சாகி எல்லை தாண்டிப் போனது. அதை ஆங்கிலேய இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்ததும் அது நின்றுபோனது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டபின் நெருக்கடி முற்றியது. புதுச்சேரி முழுக்க ஒற்றர்கள். அகதிகளை ஒப்படைக்கும்படி பிரெஞ்சு அரசுக்கு ஓயாத அழுத்தம்.

பிரெஞ்சு நிர்வாகம் அந்தக் காலத்தில் கொண்டுவந்த ஒரு விதியை இந்தத் தொழிலில் உள்ளவர்கள் இன்றும் கவனிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து தங்குபவர்கள் தங்களைப் பதிந்துகொள்ள வேண்டும். ஊரில் மதிப்புள்ள ஐந்து பேர் அவர்களுக்காகக் கையெழுத்திட வேண்டும். கலவை சங்கர செட்டியார் போன்றவர்கள் முன்னின்று அந்தக் கையெழுத்துகளைப் பெற்றுத் தந்தார்கள். அரவிந்தரும் மற்றவர்களும் தங்கிவிட்டார்கள். கண்காணிப்பு வேண்டும் என்ற ஆங்கிலேயரின் கோரிக்கையையும் தஞ்சம் தரும் வழக்கத்தையும் ஒரே தாளில் இணைத்த ஏற்பாடு அது. தொலைவிலிருந்து வந்த வதந்தியைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் அறிவு மேல் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அதன் குறையும் அதற்குள்ளேயே இருந்தது. செல்வாக்குள்ளவர் துணை இல்லாத ஏழைக்கு ஐந்து கையெழுத்து எங்கே கிடைக்கும்? தலைவர்கள் தப்பினார்கள் என்பதால் விதி நல்ல விதி ஆகிவிடாது.

அதே ஆண்டுகளில் நடந்த இன்னொரு நிகழ்ச்சி, இரகசியத் தகவலை எப்படிக் கையாள்வது என்பதற்கு இன்றும் முதல் எடுத்துக்காட்டு. ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது மூடிய பாத்திரம் ஒன்று வாளியில் வந்தது. உள்ளே அரசுக்கு எதிரான துண்டறிக்கைகள். ஒற்றர்கள் போட்டுவைத்த பொய்ச் சான்று அது. கண்டெடுத்தவர்கள் மறைக்காமல் தாங்களே பிரெஞ்சுப் போலீசிடம் ஒப்படைத்தார்கள். பிறகு, புகார் கொடுக்கப்பட்டு, பிரெஞ்சு நீதி அதிகாரி ஒருவர் அரவிந்தரின் வீட்டைச் சோதனையிட வந்தார். அவர் கண்டது கிரேக்க, லத்தீன் நூல்கள். மரியாதையோடு திரும்பிப் போனார். தகவல் கொடுத்தவன் சொன்னதோடு நிற்காமல், சுதந்திரமான ஒருவர் நேரில் போய்ப் பார்த்ததால்தான் அந்தப் பொய் உடைந்தது. எந்த உளவுக் குறிப்பு மேசைக்கு வந்தாலும் கேட்க வேண்டியவை அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றே: சொன்னவர் யார், இதனால் அவருக்கு என்ன ஆதாயம், அவரைத் தவிர்த்து வேறு வழியில் இதை உறுதி செய்ய முடியுமா. குறிப்பை அந்நபரிடம் காட்ட முடியாத நிலை வரலாம். அப்போது முடிவெடுப்பவருக்குக் கட்டுப்படாத வேறொருவராவது அதைப் படித்தாக வேண்டும். இதற்கு மாற்று கிடையாது.

பத்தாண்டுகள் புதுச்சேரியில் இருந்த பாரதியார் 1918 நவம்பர் 20 அன்று எல்லையைக் கடந்து கடலூர்ப் பக்கம் போனவுடன் கைது செய்யப்பட்டார். சில வாரங்கள் கழித்து நிபந்தனைகளோடு விடுவிக்கப்பட்டார். தன் நாட்டுக்குள் நுழைந்ததற்காக ஒரு கவிஞர் சிறையில் இருந்தார் என்பதைச் சொல்லும்போது அந்தக் காலத்துச் சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1914இல் போர் தொடங்கியதும், இந்தியாவுக்குள் வருபவர்களைத் தடுத்து வைக்கவும் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தவும் ஆங்கிலேய அரசு ஓர் அவசரச் சட்டம் பிறப்பித்தது. வான்கூவரில் இறங்க விடாமல் கனடா திருப்பி அனுப்பிய கோமகட்டா மாரு கப்பலின் பயணிகள் அதே ஆண்டு செப்டம்பரில் கல்கத்தா அருகே வந்து இறங்கியபோது எதிர்கொண்டதும் இந்தச் சூழலைத்தான். ஒரு நாடு உள்ளே விட மறுத்தவர்களை அவர்களுடைய சொந்த நாடும் துப்பாக்கியோடு வரவேற்றது.

இந்தியா விடுதலை பெற்றபின், 1949இல் நிலைமை தலைகீழானது. பிரெஞ்சிந்தியாவோடு இருந்த சுங்க உடன்பாடு முடிந்ததும் ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு எல்லை நெடுகச் சுங்கக் காவலை நிறுத்தியது. பிறகு பயண அனுமதிச் சீட்டுகளும் வந்தன. காரணம் உண்மையானதுதான்: புதுச்சேரித் துறைமுகம் வழியாகத் தங்கமும் வெளிநாட்டுச் சரக்கும் கடத்தப்பட்டன. ஆனால் திட்டுத் திட்டாகக் கிடந்த நிலத்தில் காவல் வரிசையின் பாரம் கடத்தல்காரர் மீது மட்டும் விழவில்லை. வண்டியில் நெல் ஏற்றிப் போன பாகூர் உழவரும், அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போன பெண்ணும் சோதனையில் நின்றார்கள். ஒரு வகை ஆட்கள் செய்யும் குற்றத்தைத் தடுக்க ஓர் ஊரையே நிறுத்தினால், நிற்பவர்களில் பெரும்பாலோர் குற்றத்துக்குத் தொடர்பில்லாதவர்கள். இதைக் கணக்கில் எடுக்காத எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் அரைகுறையானது.

அதே ஆண்டுகளில் தஞ்சம் தேடுவோரின் திசையும் மாறியது. முன்பு ஆங்கிலேயரிடமிருந்து தப்பிப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தார்கள். இப்போது இந்தியாவோடு இணைவதை ஆதரித்தவர்கள் பிரெஞ்சு ஆட்சியின் அடியாட்களிடமிருந்து தப்பி இந்தியக் கிராமங்களுக்குப் போனார்கள். பொதுவுடைமைத் தலைவர் வ. சுப்பையாவின் வீடு 1950இல் எரிக்கப்பட்டது. 1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கம் பிரெஞ்சுப் பிடியிலிருந்து விடுபட்டது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள். 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. ஐம்பது ஆண்டுக்குள் ஒரே வரப்பு ஒருமுறை தேசத் துரோகிகளின் புகலிடமாகவும் ஒருமுறை தேசபக்தர்களின் புகலிடமாகவும் பெயர் பெற்றது. அந்தந்த நேரத்துக் கோப்புகள் தம் சந்தேகத்தை முழு உறுதியோடுதான் எழுதி வைத்தன.

ஆட்சி மாறியபின் யார் உள்ளூர்க்காரர், யார் வெளிநாட்டவர் என்ற கேள்வி குடும்பங்களுக்குள் நுழைந்தது. 1956 மே 28 அன்று கையெழுத்தான இந்திய-பிரெஞ்சு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து அன்று இங்கேயே குடியிருந்தவர் இந்தியர். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இங்கே பிறந்து அன்று வேறு நாட்டில் குடியிருந்தவரோ பிரெஞ்சுக்காரராகவே நீடிக்கலாம். ஏறத்தாழ 5,000 பேர் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் வெளிநாட்டில் குடியேறிவிட்ட 'சொல்தா' (பிரெஞ்சுப் படைவீரர்) அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் பாகூரில் ஏர் பிடித்த தம்பி இந்தியராகவும் ஆனது இப்படித்தான். வில்லியனூர்த் தேருக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் ஊர் வரும் உறவினர்களில் பலருக்கு விசா வேண்டும், அல்லது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். 1947 ஆகஸ்ட் 15க்குப் பின் இந்தியாவோடு சேர்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களுக்கும் அந்த அட்டை உண்டு என்று குடியுரிமைச் சட்டம் சொல்வது புதுச்சேரிக்காரருக்கு மிகவும் பயன்படும் வரி.

இத்தகைய விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது தனிக் கலை. பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற பிறப்பு, திருமணப் பதிவேடுகள் பெரும் செல்வம். பெற்றோர் பெயர், வயது, ஊர், சாட்சிகள் எல்லாம் அதில் இருக்கும். 1881 ஆணைப்படி தங்கள் பழைய சட்ட நிலையைத் துறந்து குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டவர்களின் வழித்தோன்றல்களுக்குப் பெயர் ஒரு மாதிரி. மற்றவர்களுக்கு அப்பா பெயரே முதலெழுத்து. அதே ராமசாமி பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் ஒருவிதமாகவும் ஆங்கிலத்தில் வேறுவிதமாகவும் இருப்பார். புதிதாக இந்த மேசைக்கு வருபவர் இந்த வேறுபாட்டை மோசடி என்று நினைப்பார். பழகியவர் பெயரை விட்டுவிட்டுத் தாயின் பெயர், பிறந்த கொம்யூன், சாட்சிகள் ஆகியவற்றைப் பொருத்திப் பார்ப்பார். அந்த மூன்றும் ஒத்துவந்தால் எழுத்துக்கூட்டலைக் காரணம் காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவது அநியாயம்.

பக்கத்து வீட்டில் விசாரிப்பது ஐந்து கையெழுத்து விதியின் வாரிசு. கிராமத்தில் வரப்புத் தகராறும் சாதிப் பகையும் சாட்சியத்துக்குள் புகுந்துகொள்ளும். ஆகவே "ஆள் எப்படி?" என்று கேட்கக் கூடாது; "இந்த வீட்டில் எப்போதிலிருந்து பார்க்கிறீர்கள், யார் யார் வந்துபோகிறார்கள்?" என்று கேட்க வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்லச் சொன்னால் பகைமைக்கு அதிக இடமில்லை.

சட்டத்தின் சாய்வு என்னவோ அரசின் பக்கம்தான். அந்நியரை வெளியேற்ற அரசுக்கு உள்ள அதிகாரம் வரம்பற்றது என்று 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1991இல் லூயி டி ரெட் வழக்கில், வெளிநாட்டவருக்கும் 21ஆவது பிரிவின் உயிர், தனிமனிதச் சுதந்திரப் பாதுகாப்பு உண்டு, ஆனால் இங்கே குடியிருக்கும் உரிமை கிடையாது என்று தெளிவுபடுத்தியது. 2025இல் வந்த குடியேற்ற, வெளிநாட்டவர் சட்டம் 1920, 1939, 1946ஆம் ஆண்டுச் சட்டங்கள் உள்ளிட்டவற்றை ஒன்றாக்கியது. தான் வெளிநாட்டவர் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அந்நபர் மீதே தொடர்கிறது. நுழைவு பற்றிக் குடியேற்ற அதிகாரி எடுக்கும் முடிவே இறுதி. இவ்வளவு அதிகாரம் கையில் இருக்கும்போது காரணத்தை எழுதும் பழக்கம் இரட்டிப்பு முக்கியம். ஓ.சி.ஐ. அட்டையை ரத்து செய்யுமுன் விளக்கம் கேட்க வேண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. சட்டப்பிரிவின் சொற்களை மட்டும் திருப்பி எழுதிய ரத்து ஆணை ஒன்றை 2023இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளியது. பேராசிரியர் அசோக் ஸ்வெயின் வழக்கு அது. "தேச நலனுக்கு எதிரானவர்" என்பது முடிவு. எந்தச் செயலால், எந்த நாளில் என்பதுதான் காரணம்.

ஈழத் தமிழர் நிலை இதைவிடக் கடினம். புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புரம் மாவட்டத்துக் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் ஒரு தலைமுறைக்கு மேலாக வாழ்கிறார்கள். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபின் ஓர் அமைப்பின் குற்றம் ஒரு மக்கள்கூட்டத்தின் மேல் நிழலாக விழுந்தது. முகாமில் பிறந்த குழந்தைகளும் அந்த நிழலுக்குள் அடங்கினார்கள். 2025இல் புதிய சட்டத்தோடு வந்த விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரைத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விடுவித்தது. வரவேற்க வேண்டிய ஆணை. ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறித் தனுஷ்கோடியில் இறங்கியவர்களுக்கு அது பொருந்தாது. நிர்வாகத்துக்கு ஒரு தேதி வேண்டும் என்பது சரி, அந்தத் தேதிக்கு மறுநாள் வந்தவரிடமும் "திரும்பினால் உங்களுக்கு என்ன நேரும்?" என்று தனியாகக் கேட்கும் இடம் வேண்டும். அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாட்டில் அந்தக் கேள்வியைக் கேட்கும் கடமை முழுவதும் அதிகாரியின் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது.

கடைசியாக, மறுத்தபின் செய்யும் வேலை. வெளியே நிறுத்தப்பட வேண்டியவர்களின் பட்டியலில் பெயர் சேர்ப்பது எளிது. நீக்குவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. 1980களின் பஞ்சாப் கொந்தளிப்பு தொடர்பாக வெளிநாட்டுச் சீக்கியர் 314 பேர் இடம்பெற்றிருந்த பட்டியலை 2019இல் மத்திய அரசு மறுபரிசீலனை செய்து 312 பெயர்களை எடுத்துவிட்டது. மிஞ்சியவை இரண்டு. எந்தப் பட்டியலுக்கும் குறித்த கால இடைவெளியில் மறுபார்வை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. புதுச்சேரிக் கிராமங்களில் ஒரே பெயரில் பலர் இருப்பதால் இங்கே கூடுதல் கவனம் வேண்டும். பட்டியலில் ஒரு பெயரை ஏற்றும்போதே தந்தை பெயர், தாய் பெயர், பிறந்த கொம்யூன், பிறந்த தேதி ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால், அதே பெயருள்ள வேறொருவர் சென்னை விமான நிலையத்தில் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிராது.