கூசுதலும் கூனிக் குறுகுதலும்

மலேசியாவின் பேராக் மாநிலத் தென்பகுதியில், தாப்பாவுக்கும் சுங்காய்க்கும் இடையில் அமைந்த பீடோர் வட்டாரத் தமிழ் இளையோரின் பேச்சில், தமிழ்நாட்டு இளையோரின் பேச்சில் உள்ளது போலவே, 'கிரிஞ்ச்' என்னும் ஆங்கிலச் சொல் இன்று தாராளமாகப் புழங்குகிறது. ஒருவர் பாடுவதையோ உடுத்துவதையோ பேசுவதையோ காணும்போது, காண்பவரின் உடம்பைச் சுருங்கச் செய்யும் கூச்சத்தை அது குறிக்கிறது.

இச்சொல்லின் பிறப்புக்கும் வெட்கத்துக்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் 'கிரிங்கன்' என வழங்கிய இவ்வினை போர்க்களத்துக்கு உரியது. வெட்டுண்ட வீரன் உடல் மடங்கிச் சாய்வதே அதன் பொருள். 991ஆம் ஆண்டில் வைக்கிங் படையோடு ஆங்கிலேயர் பொருது தோற்ற மால்டன் போரைப் பாடும் பழம்பாட்டில், புண்பட்டுக் களைத்த வீரர்கள் விழுவதைச் சொல்ல இவ்வினையே வருகிறது. வளைதல் என்னும் பொருளுடைய ஜெர்மானிய வேரிலிருந்து இது கிளைத்தது என்பது சொற்பிறப்பாய்வாளர் கருத்து. மோட்டார் பட்டறைகளில் 'கிராங்க்' எனப்படும் வளைந்த தண்டின் பெயரும் அவ்வேரோடு உறவுடையது. 16ஆம் நூற்றாண்டளவில் இவ்வினை, மேலோர் முன் அடிமைபோல் உடல் வளைத்துப் பணிதலைக் குறிக்கலாயிற்று. பகைவனின் வாளால் மடங்கிய உடல், இப்போது வாள் எதுவுமின்றி எசமானின் முன் தானே மடங்கியது. நாணத்தால் உள்ளுக்குள் குன்றுதல் என்னும் இன்றைய பொருள் அதற்கும் பின்னர் வந்தது.

தமிழில் இப்பொருள்கள் தனித்தனி வினைகளாக நிற்கின்றன. வெயிலில் கண் கூசும். புளி தின்றால் பல் கூசும். விலாவைத் தொட்டால் உடம்பு கூசும். பொய் சொல்ல நா கூசும். இவ்வனைத்திலும் கூச்சம் கூசுபவரின் புலனிலோ மனத்திலோ எழுவது. அதற்கு ஆண்டான் ஒருவன் எதிரே நிற்க வேண்டியதில்லை. தோட்டத்து வரப்புகளில் படரும் தொட்டாற்சுருங்கியை மலாய்க்காரர் வெட்கத்தைக் குறிக்கும் 'மாலு' என்னும் சொல்லிலிருந்து 'செமாலு' என அழைப்பதும் இவ்வகையினதே. கூனிக் குறுகுதலோ வேறு. அது கூனையும் குறுக்கத்தையும் சேர்த்து, அதிகாரத்தின் முன் வளையும் முதுகை அப்படியே படம்பிடிக்கும் தொடர்.

ஆங்கிலச் சொல் இன்று அடைமொழியாகி, 'அது கிரிஞ்ச்' என வழங்கும்போது, கூசுபவரின் நிலை காணப்படும் பொருளின் குற்றமாக மாறிவிடுகிறது. 'எனக்குக் கூச்சமாக இருக்கிறது' என்னும் தமிழ்த் தொடரோ கூச்சம் யாருடையது என்பதை மறைப்பதில்லை. பேச்சில் இவ்வேறுபாடு தேய்ந்துவருவது வருந்தத்தக்க இழப்பே.

ஆங்கில வினையின் இடைப்பட்ட பொருளான, மேலோர் முன் உடல் வளைத்துப் பணிதலை, மலாயாத் தோட்டத் தமிழர் அகராதியின்றியே அறிந்திருந்தனர். தோட்ட மேலாளரான துரையோ எழுத்தரான கிராணியோ எதிர்ப்பட்டால், சைக்கிளில் செல்லும் தொழிலாளி கீழே இறங்கிவிட வேண்டும் என்பது அன்றைய தோட்ட ஒழுங்கு. 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு, துரை, கிராணி முன் சைக்கிளை விட்டு இறங்காதிருக்கும் உரிமையும் கேட்கப்பட்டது. கூலியோடு நிமிர்ந்த முதுகையும் ஒரே பட்டியலில் கேட்ட அக்கோரிக்கை, மலாயாத் தமிழர் வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரியது. ஆட்சியினர் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடுகடத்தினர். படை வரவழைக்கப்பட்டு, தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

இன்று அத்தோட்டங்களில் ரப்பர் நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களை விட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டனர். ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் விடியுமுன் வரிசையில் நின்று, துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கிய தலைமுறை பேசிய தோட்டத் தமிழைத்தான் அத்தலைமுறையின் வழிவந்தவர்களில் சிலர் இன்று 'கிரிஞ்ச்' என்கின்றனர்.