உப்பு எங்கே போகும்?

துணிக்கடையில் நாம் கேட்கிற முதல் கேள்வி, ‘சாயம் போகுமா?’ என்பதுதான். கடைக்காரரும் ‘போகவே போகாது சார், கேரன்ட்டி’ என்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை. உங்கள் கைக்கு வருவதற்குள் போக வேண்டியதெல்லாம் போய் முடிந்துவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். பருத்திப் பனியன் துணியில் சாயம் ஏற வேண்டுமென்றால் சாயத் தண்ணீரில் உப்பு போட வேண்டும். பருத்தியும் சாயமும் தண்ணீருக்குள் ஒன்றையொன்று தள்ளுகிற குணம் கொண்டவை. நடுவில் நின்று இரண்டையும் சேர்த்து வைக்கிற கல்யாணத் தரகர் உப்புதான். கறுப்பு, கருநீலம் மாதிரி அடர்ந்த நிறம் என்றால் ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு. ஒரு டி-ஷர்ட்டுக்குச் சுமார் 75 கிராம். நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு நாள் சமையல் உப்பு அது!

கல்யாணம் முடிந்ததும் தரகரை யார் கவனிக்கிறார்கள்? துணியை அலசும்போது மொத்த உப்பும் வெளியே வந்துவிடும். சாயத்திலும் ஒட்டாத பங்கு அதோடு சேர்ந்து வரும். சாயத்தைக் கண்ணால் பார்க்கலாம். உப்பைப் பார்க்க முடியாது. வம்பே அங்கேதான்.

திருப்பூரில் இது வருஷக்கணக்கில் நொய்யலுக்குள் போனது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர் கோயிலைத் தொட்டு, கோவை, திருப்பூர் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. பழைய பெயர் காஞ்சிமாநதி. இதன் கரையில் இருக்கிற கொடுமணலில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் பச்சைக்கல் மணி கோத்து ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். ஏற்றுமதி என்பது அந்த மண்ணுக்கு அவ்வளவு பழைய பழக்கம்!

அந்தக் கொடுமணல் வட்டாரத்திலேயே 1992-ல் ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி முடித்தார்கள். ஈரோடு, கரூர் பக்கம் பாசனம் என்பது திட்டம். என் அம்மாவின் கூடப்பிறந்த மாமாவுக்கு அணைக்குக் கீழே ஐந்து ஏக்கர். அணை வந்ததும் ஊரில் கிடா வெட்டினார்களாம். மாமா கடன் வாங்கித் தென்னை வைத்தார்.

அணையில் தண்ணீர் நின்றது. கூடவே சாயமும் உப்பும் நின்றன. பக்கத்துக் கிணறுகளில் உப்பு ஊறியது. ஒரு கட்டத்தில், நாட்டிலேயே எங்கும் கேட்டிருக்க முடியாத ஒரு கோரிக்கையை விவசாயிகள் வைத்தார்கள்: ‘அணையைத் திறக்காதீங்க!’

“தண்ணி வுடுங்கன்னு மறியல் பண்றவனப் பாத்திருப்பீங்க மாப்ளே. வுடாதீங்கன்னு மறியல் பண்ணுனது நாங்கதான்” என்பார் மாமா. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். தென்னை என்னவோ ஓலை கருகி, குரும்பை கொட்டி, ஒவ்வொன்றாய் மொட்டையாகிவிட்டது. அத்தை குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்கு நின்றதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். கண்ணெதிரே ஒரு அணை நிறையத் தண்ணீர்!

ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம், சாயக் கழிவு ஒரு சொட்டுகூட வெளியேறக் கூடாது என்கிற நிலைக்கு ஆலைகள் வர வேண்டும் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அப்போதும் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ம் தேதி, திருப்பூரின் சாய, சலவைப் பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே உத்தரவில். ஊர் ஸ்தம்பித்தது. வேலை போய் மூட்டை கட்டியவர்கள் ஏராளம். அந்தப் பாவத்தை யார் கணக்கில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆற்றைக் கெடுத்தவன் அந்தச் சம்பளக்காரன் இல்லை, ஆனால் முதலில் பட்டினி கிடந்தது அவன்தான்.

மாமாவின் பையன் அப்போது கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிந்ததும் எங்கே வேலைக்குப் போனான் தெரியுமா? பட்டறைகள் சேர்ந்து நடத்துகிற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், ஷிஃப்ட் ஆபரேட்டர். மாமா ஆறு மாதம் அவனோடு பேசவில்லை. “சோறு போட்ட மண்ணச் சாவடிச்சவங்கிட்டப் போயிக் கூலிக்கு நிக்கறான்” என்று அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறார்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது, “வாங்க மச்சான், காட்டறேன்” என்று என்னைக் கூட்டிப்போனான். முதலில் நாற்றம் வரும் என்று கைக்குட்டையோடு போனேன். பெரிதாக நாற்றமில்லை. சத்தம்தான்.

முதல் தொட்டியில் எல்லாப் பட்டறைத் தண்ணீரும் வந்து விழுகிறது. நிறத்துக்கு ஒரு பெயர் வைக்க முடியவில்லை. அடுத்தது நுண்ணுயிர்த் தொட்டி. கீழிருந்து காற்று ஊத, கோடிக்கணக்கான பாக்டீரியா உட்கார்ந்து அழுக்கைத் தின்கின்றன. “இதுகதான் மச்சான் நம்ம லேபர். லீவு கெடையாது, போனஸ் கெடையாது. ஆனா ஒரு நாள் சோறு போடாட்டி செத்துரும்” என்றான். பட்டறைகள் லீவு விடும் தீபாவளி வாரத்தில், சாணம், வெல்லம் கரைத்து ஊற்றி அவற்றைக் காப்பாற்றுவார்களாம். கேட்கவே வேடிக்கையாக இருந்தது.

பிறகு நிறம் எடுக்கிறார்கள், மணலில் வடிக்கிறார்கள், மெல்லிய சவ்வு வழியே அழுத்தித் தள்ளுகிறார்கள். உங்கள் வீட்டுச் சமையலறை ஆர்.ஓ. இயந்திரம்தான், மாட்டுக்கொட்டகை சைஸுக்கு. ஒரு வித்தியாசம். வீட்டு மெஷின் கழித்துத் தள்ளுகிற தண்ணீரை நாம் சாக்கடையில் விட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். இங்கே மறக்க முடியாது. நூறு லிட்டரில் எண்பதுக்கு மேல் நல்ல தண்ணீராகிப் பட்டறைக்கே திரும்பிப் போகிறது. மிச்சம் கெட்டியான உப்புத் தண்ணீர். அதை ஆவியாக்கும் கலன்களில் காய்ச்சிக் குறுக்கி, உப்பைப் படிகமாக எடுத்து, அதையும் சாயம் போடவே திருப்பிக் கொடுக்கிறார்கள். தரகர் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்!

உப்புத் தண்ணீரிலிருந்து நிறத்தை மட்டும் நீக்கி, காய்ச்சாமலேயே மறுபடி சாயத்தொட்டிக்கு அனுப்புகிற முறையும் வந்துவிட்டது. எனக்குப் பிடித்தது அதுதான். ஏனென்றால் காய்ச்சுவதற்கு விறகு வேண்டும், கரண்ட் வேண்டும். ஆற்றைக் காப்பாற்ற எரிகிற அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ‘ஒரு சொட்டுகூட வெளியே விடாதே’ என்று சொல்வது சுலபம். அந்தக் கடைசிச் சொட்டுகளுக்குத்தான் செலவு முழுக்க.

உப்பே இல்லாமல் சாயம் ஏற்ற முடியாதா என்று கேட்டேன். முடியும். துணியைச் சாயத்தில் முக்கிப் பிழிந்து, உருளையில் சுற்றி, பிளாஸ்டிக் போர்த்தி, அரை நாள், ஒரு நாள் மெதுவாகச் சுழலவிட்டால் உப்பில்லாமலே பிடித்துக்கொள்ளும். “நெசவுத் துணிக்கு ஜோரா வரும் மச்சான். நம்ம பனியன் துணி இழுத்தா வர்ற துணி. ஓரம் சுருண்டு ஏத்த எறக்கமா நிக்கும். பண்ணலாம், பாத்துப் பண்ணோணும்.” பாத்துப் பண்ண நேரம் வேண்டும். ஏற்றுமதி ஆர்டரில் இல்லாத ஒரே சரக்கு நேரம்தான்.

இதெல்லாம் செய்தும் நொய்யல் பளிங்காகிவிடவில்லை. மழை பெய்கிற ராத்திரி பார்த்துத் திறந்துவிடுகிற சில பட்டறைகள் பற்றிப் புகார் ஓயவில்லை. சாயப் பட்டறைக்காரனைத் திட்டுகிற கோவை, திருப்பூர் வீடுகளின் கழிவுநீரும் அதே ஆற்றில்தான் கலக்கிறது. அந்தக் கேஸை யார் யார் மேல் போடுவது?

அன்று சாயங்காலம் தோட்டத்துக்குப் போனோம். மச்சான் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து, கிணற்றுத் தண்ணீரில் நனைத்தான். ஒவ்வொரு மாதமும் இப்படிப் பார்த்து, பம்ப்செட் ரூம் சுவரில் கரியால் எழுதி வைக்கிறான். மேலே ஐயாயிரத்துக்கு மேல் தொடங்கி, நடுவே ஏறி இறங்கி, அன்றைக்கு மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேறு நல்ல தண்ணீரே இல்லாத இடத்தில், லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை கரைந்திருந்தால் குடிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். இன்னும் கிட்டவில்லை. ஆனால், இறங்குகிறது.

மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நிலத்தைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார், நல்ல விலை. கொடுப்பதா, மறுபடி தென்னை வைப்பதா என்று ஒரு வருஷமாக யோசனை.

“எளநி நாலு வருசத்துல வந்துரும். நானு இருக்கோணுமல்லோ” என்றார் என்னிடம். பிறகு பையன் பக்கம் திரும்பாமலே, “ஏங் கண்ணு, அந்த உப்பயெல்லாம் முழுசாத் திருப்பிக் குடுத்துர்றீங்களா?” என்று கேட்டார்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிரிக்க முடியாத கலப்பு உப்பு என்று ஒன்று கடைசியில் மிஞ்சுகிறது. யாருக்கும் வேண்டாத சரக்கு. அதை மழை படாமல் மூட்டை கட்டி அடுக்கி வைத்திருப்பதை மத்தியானம் எனக்கும் காட்டியிருந்தான்.

“இல்லீங்கப்பா. கொஞ்சம் மீந்துருது. ஷெட்டுல வெச்சிருக்கறோம்.”

“ஷெட்டு ரொம்பிப் போச்சுன்னா?”

“பக்கத்துல இன்னொண்ணு கட்டறாங்கப்பா.”

மாமா எழுந்து போய், வாய்க்காலில் கிடந்த மட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார். ஐந்து ஏக்கரில் ஒரு ஏக்கருக்கு மட்டும் குழி எடுக்கலாமா என்று அவனிடம் கேட்டார்.