நாரி நோவோடு யாழ்ப்பாணம் வரை

புதுக்குடியிருப்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புறப்படும் விடிகாலை பஸ்ஸில் கிளினிக்குக்குப் போகிறவர்களை இனங்காண்பது சுலபம். கையில் பெரிய மண்ணிறக் கடித உறை இருக்கும். அதற்குள் எக்ஸ்ரே படம். சொப்பிங் பைக்குள் கிளினிக் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், லஞ்ச் ஷீற்றில் சுற்றிய பிட்டு. இவர்களில் பலர் இருக்கையில் முழுமையாகச் சாய்ந்து உட்கார மாட்டார்கள். முன் இருக்கையின் கம்பியைப் பிடித்தபடி, உடற்பாரத்தை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு இருப்பார்கள். நாரி நோவு உள்ளவர்கள் இருக்கும் முறை அது.

ஆவணி மாதத்தில் ஒருநாள் எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தைச் சேர்ந்த மூன்று பெண்களுடன் நானும் அந்தப் பஸ்ஸில் ஏறினேன். யாழ். நகரில் நீண்டகால நோவுகளுக்கென நடைபெறும் ஒரு கிளினிக்குக்கு அவர்களைக் கூட்டிச் செல்வது எனது பொறுப்பு. பெயர்களை எழுத வேண்டாம் என்று மூவரும் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் கச்சான் தோட்டம் செய்யும் அக்கா, வயது ஐம்பத்திரண்டு. அடுத்தவர் சீமெந்துக் கல் அரியும் வேலைக்குப் போகும் தங்கச்சி. மற்றவர் அறுபதைத் தாண்டிய அம்மா. கிணற்றடியில் வழுக்கி விழுந்து மூன்று மாதங்களாகியும் நிமிர முடியாமல் இருந்தார்.

தேவிபுரம், வள்ளிபுனம், உடையார்கட்டு, விசுவமடு என்று பஸ் மேற்கே ஓடுகிறது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் எமது சனங்கள் இதே வீதியால் எதிர்த்திசையில், கிழக்கு நோக்கிப் போனார்கள். உடையார்கட்டைத் தாண்டும்போது அக்கா வெளியே பார்த்தபடி சொன்னார்: "இந்த ரோட்டாலைதான் மிஸ், அம்மாவைச் சைக்கிளிலை இருத்தி உருட்டிக்கொண்டு போனனான். தலையிலை அரிசி மூட்டை. முதுகிலை பீஸ் பட்டு இரத்தம் ஓடுது. அண்டைக்கு எனக்கு நாரி நோகேல்லை. இப்ப ஒரு வாளி தண்ணி தூக்கேலாமல் கிடக்கு."

இந்தக் கேள்விக்குப் பதில் யாழ்ப்பாணத்தில்தான் கிடைத்தது.

பரந்தனில் ஏ9 வீதிக்கு ஏறியதும் பயணம் இலேசாகிவிடும். ஆனையிறவில் இருபக்கமும் கடல்நீரேரி, உப்பளம், முகத்தில் அடிக்கும் காற்று. முகமாலையை நெருங்கும்போது தங்கச்சி நித்திரையால் எழும்பினார். கல் அரியும் வேலைக்கு முன்னர் அவர் இங்கே கண்ணிவெடி அகற்றும் பணியில் சில வருடங்கள் இருந்தவர். போருக்குப் பின்னர் குடும்பப் பாரத்தைத் தனியே சுமந்த ஏராளமான பெண்கள் அந்த வேலைக்குப் போனார்கள். தடித்த பாதுகாப்பு அங்கி, முகக் கவசம், கொதிக்கும் வெயில், முழங்காலில் நின்று அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறுதல். "அப்ப பிடிச்ச நோவு இது" என்றார். அவரது நாரி நோவை வெறும் தனிநபர் சுகயீனமாக எனக்குப் பார்க்க முடியவில்லை. போர் முடிந்த பின்னர் எமது பெண்களுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பாலானவை குனிந்து, சுமந்து, நீண்டநேரம் ஒரே நிலையில் நின்று செய்கின்ற வேலைகள்.

கிளினிக்கில் முதலில் அழைக்கப்பட்டவர் அம்மா. எக்ஸ்ரேயில் ஒரு முள்ளந்தண்டு எலும்பு நொறுங்கி அமர்ந்திருந்தது. மாதவிடாய் நின்ற பின்னர் எலும்பின் செறிவு குறைவதால், சிறிய விழுகையிலும் இப்படி நேரலாம் என்று வைத்தியர் விளங்கப்படுத்தினார். வயது போனால் கூன் விழும்தானே என்று வீட்டில் மூன்று மாதங்கள் விட்டுவிட்டார்கள். இதற்கு மருந்து உண்டு. கவனிக்காவிட்டால் அடுத்த எலும்பும் நொறுங்கக்கூடும்.

தங்கச்சிக்கு ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. ஸ்கான் எடுக்காமல் அனுப்புகிறார்களே என்று அவருக்கு முகம் வாடிவிட்டது. எமது ஊரில் ஸ்கான் எடுத்தால்தான் நோவை நம்பினார்கள் என்று அர்த்தம். ஆனால் எந்த நோவும் இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கான் முடிவுகளைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வு 2015இல் வெளிவந்தது. இருபது வயதினரிலேயே 37 சதவீதத்தினரிடம் முள்ளந்தண்டுத் தட்டுத் தேய்வு காணப்பட்டது. எண்பது வயதில் அது 96 சதவீதம். அதாவது 'டிஸ்க் தேய்ஞ்சு போச்சு' என்ற வார்த்தை பெரும்பாலும் தலைமயிர் நரைத்துவிட்டது என்பதைப் போன்றதே. அந்த வார்த்தையைக் கேட்ட நாளிலிருந்து குனியாமல், நடக்காமல், பயந்து பயந்து வாழும் பெண்களை நான் வீடு வீடாகக் கண்டிருக்கிறேன்.

அக்காவின் விடயம் வேறு. அவரது எக்ஸ்ரேயில் அரிசி மணியளவில் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் தெரிந்தன. ஷெல் துண்டுகள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் மிகவும் பலம் வாய்ந்த காந்தம். இரும்பு கலந்த துண்டு உடலில் இருந்தால் அது அசையவோ சூடாகவோ கூடும். கண், முள்ளந்தண்டு வடம், பெரிய இரத்தக் குழாய் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் பாரதூரமானது. எத்தனையோ வருடங்களாகத் தசைக்குள் ஊறிப்போன துண்டுகள் பலருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கதிரியக்க வைத்தியர். தேவை என்றால் சி.ரி. ஸ்கான் எடுக்கலாம். எனவே எம்.ஆர்.ஐ.க்கு எழுதித் தந்தால், 'எனக்குள் பீஸ் இருக்கிறது' என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். காயப்பட்ட கதையைச் சொன்னால் வேறு கேள்விகள் வருமோ என்று மறைக்கின்ற சகோதரிகள் எம்மிடையே இருக்கிறார்கள். அந்த அறையில் மட்டும் மறைக்கக் கூடாது.

பிறகு அக்காவை இயன்மருத்துவரிடம் அனுப்பினார்கள். இளம் பெண். நாற்பது நிமிடங்கள் இருந்து கதைத்தார். அரசாங்க கிளினிக் ஒன்றில் இது சாதாரண விடயமல்ல. பஸ்ஸில் கேட்ட அதே கேள்வியை அக்கா அவரிடமும் கேட்டார். அவர் திருப்பிக் கேட்டது இது:

"அக்கா, இப்பவும் ஹெலிச் சத்தம் கேட்டால் என்ன செய்வியள்?"

"நெஞ்சு பக்கெண்டும். பேரப்பிள்ளையை இழுத்துப் பிடிப்பன்."

"பங்கர் இல்லையெண்டு தெரியும்தானே?"

"தெரியும். ஆனால் கை தானாய்ப் போகும்."

"உங்கடை நரம்பும் அப்படித்தான். நோவு பொய் இல்லை. ஆனால் நோகிற அளவுக்கு உள்ளுக்கை உடைஞ்சு போகேல்லை. காவலுக்கு நிண்ட நரம்பு இன்னும் காவலை விடேல்லை."

உயிர் தப்பவேண்டிய வேளையில் மூளை நோவை அடக்கிவிடும். பின்னர், காயம் ஆறிய பின்னும், நரம்புத்தொகுதி சிறு அசைவையும் ஆபத்து என்று அறிவிக்கப் பழகிவிடுவதுண்டு. நித்திரைக் குறைவு, கடன் நெருக்கடி, காணாமல் போனவரைத் தேடும் அலைச்சல் எல்லாம் அந்த அறிவிப்பின் சத்தத்தைக் கூட்டும். 'எல்லாம் மனப்பிரமை' என்று கலைத்துவிடுவதும், 'முதுகு போய்விட்டது' என்று பயமுறுத்துவதும் இந்தப் பெண்களுக்குச் செய்யும் ஒரேயளவு அநியாயம் என்பது எனது அபிப்பிராயம்.

இந்த விளக்கத்தையே சிகிச்சையாக்கிய ஒரு முறை அவுஸ்திரேலியாவில் பரிசோதிக்கப்பட்டது. 492 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2023இல் வெளியானது. இயன்மருத்துவர் ஒருவர் பன்னிரண்டு வாரங்களில் ஏழு தடவைகள் வரை நோயாளியைச் சந்திப்பார். எந்த அசைவுக்குப் பயமோ அந்த அசைவையே சிறிது சிறிதாகப் பழக்குவார். ஒரு வருடத்துக்குப் பின்னரும் பலன் நிலைத்திருந்தது. மூன்று வருடங்களின் பின் தேடிப் பார்த்தபோதும் அது முற்றாக அற்றுப்போகவில்லை. 2024இல் அதே நாட்டில் 701 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட மற்றோர் ஆய்வு வெறும் நடையைப் பற்றியது. படிப்படியாக நடக்கப் பழகியவர்களுக்கு நாரி நோவு மீண்டும் வர நடுத்தரமாக 208 நாட்கள் எடுத்தன. மற்றவர்களுக்கு 112 நாட்கள். நடைக்கு அடகு வைக்க ஒன்றும் தேவையில்லை.

அடகு என்று ஏன் சொல்கிறேன் என்றால், அக்கா அந்தப் பயணத்துக்கு வந்ததே அதற்காகத்தான். முள்ளந்தண்டுக்குள் ஊசி ஏற்றினால் நிரந்தரமாகச் சுகம் வரும் என்று ஒரு தனியார் நிலையத்தில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். செலவு இலட்சக்கணக்கில். சங்கிலியை அடகு வைத்து, மிகுதியை நுண்கடனாக எடுக்க யோசித்திருந்தார். நுண்கடன் எமது பெண்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இப்பக்கத்தில் நான் விபரிக்கத் தேவையில்லை.

வைத்தியர் ஊசியை முற்றாக ஒதுக்கவில்லை. காலுக்கு ஓடும் நரம்பு நெரிந்து புதிதாகக் கடும் நோவு வந்தவர்களில் சிலருக்குக் கொஞ்சக் காலம் இலேசாக்கும் என்றார். ஆனால் மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முதுகு நோவுக்கு இத்தகைய ஊசிகளையும், நரம்பைச் சூடாக்கிச் செயலிழக்கச் செய்யும் முறையையும் செய்யவேண்டாம் என்று 2025இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான வழிகாட்டல் கூறுகிறது. எல்லா வைத்தியர்களும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. அதே ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்ற, அபின் வகையைச் சேராத புதிய மாத்திரையைப் பற்றித் தங்கச்சி கேட்டார். வெளிநாட்டிலுள்ள தம்பி சொன்னாராம். அது திடீரென வரும் நோவுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்டது. வருடக்கணக்கான நாரி நோவுக்கல்ல.

உலக சுகாதார நிறுவனம் 2023 மார்கழியில் வெளியிட்ட வழிகாட்டலையும் வாசித்துப் பார்த்தேன். 2020இல் உலகில் 619 மில்லியன் பேருக்கு நாரி நோவு இருந்தது என்கிறது. விளக்கம் கொடுத்தல், உடற்பயிற்சி, சில கைமுறைச் சிகிச்சைகள், உளவியல் ஆதரவு, அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள் என்பவற்றை அது பரிந்துரைக்கிறது. எமது பெண்கள் விரும்பிக் கேட்கும் நாரிப் பெல்ற், கரண்ட் பிடித்தல், இழுவை ஆகியவை வழமையான சிகிச்சையாக வேண்டாம் என்ற பட்டியலில் உள்ளன. மிளகாய் சேர்ந்த பூச்சு மருந்து ஏற்கத்தக்கவற்றுள் இருப்பதைச் சொன்னதும் மூவரும் சிரித்துவிட்டார்கள். அழற்சி மாத்திரையை மட்டும் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது கூடாது. வெறுவயிற்றில் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் தாக்கும்.

திரும்பி வரும்போது கைதடியில் சித்த போதனா வைத்தியசாலைப் பக்கம் பார்த்து, "எண்ணெய் பூசலாமோ, கேக்க மறந்து போனன்" என்றார் அம்மா. நொறுங்கிய எலும்பின் மேல் யாரையும் உருவ விடவேண்டாம் என்று நான் சொன்னேன். மற்ற இருவருக்கும் தடவல் இதமளிக்கும். பட்டம் பெற்ற சித்த வைத்தியரிடம் போவதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. என்ன மருந்து என்று சொல்லாமல் கொடுக்கும் குளிசைகளுக்குத்தான் பயப்படுகிறேன்.

இரண்டு கிழமைகளின் பின் ஒட்டுசுட்டான் வழியாக மாங்குளத்துக்குப் போனேன். இம்முறை தனியாக. நெதர்லாந்து அரசின் உதவியுடன் கட்டப்பட்ட புனர்வாழ்வுச் சிகிச்சை நிலையம் அங்குள்ள ஆதார வைத்தியசாலையில் 2024இல் திறந்து வைக்கப்பட்டது. முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களின் 'உயிரிழை' அமைப்பும் மாங்குளத்தில்தான் இயங்கி வந்திருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் ஒரு சகோதரி, உணர்வே இல்லாத காலில் இரவில் நெருப்பு எரிவது போல நோகும் என்றார். நாரி நோவிலிருந்து இது வேறுபட்டது. அறுந்த நரம்பு எழுப்பும் நோவு. இதற்குக் கபாபென்ரின், பிரிகபலின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் 2018இல் முள்ளந்தண்டு வடத்துக்கு மின்தூண்டல் கொடுத்து, கால் செயலிழந்த மூவரை உதவியுடன் நடக்க வைத்தார்கள் என்பதை அவர் என்னிலும் நன்றாக அறிந்திருந்தார். "அது வரேக்குள்ள வரட்டும் மிஸ். இப்ப எனக்குப் படுக்கைப்புண் வராத மெத்தை ஒண்டு வேணும்."

நாரி நோவுடன் இருக்கும் சகோதரிகள் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இருக்கும் பகுதி விறைத்துப் போனால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போனால் அல்லது சிறுநீர் அடைத்துக்கொண்டால், கால் நாளுக்கு நாள் பலவீனமானால், கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றிரவே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். காய்ச்சலோடு அல்லது உடல் மெலிவோடு வரும் முதுகு நோவையும் தள்ளிப்போடக் கூடாது. காசம் முள்ளந்தண்டிலும் வரும்.

அக்காவுக்கு இயன்மருத்துவர் கொடுத்த வேலை, முதற் கிழமை வீட்டிலிருந்து ஒழுங்கை முடிவு வரை ஒரு நாளைக்கு இரு தடவைகள் நடப்பது, அரை வாளி தண்ணீரைப் பயமின்றித் தூக்கிப் பழகுவது. இப்போது முக்கால் வாளி. சில நாட்களில் நோவு பழையபடி வந்து, தூக்குவதை விட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். சங்கிலி இன்னும் கழுத்தில் இருக்கிறது. அந்த நிலையத்தின் தொலைபேசி இலக்கமும் கிளினிக் கொப்பியின் பின்மட்டையில் இருக்கிறது. ஐப்பசியில் அடுத்த கிளினிக். மழை பிடிக்க முன்னர் கச்சான் காணியை உழவேண்டும் என்பதால் திகதியை மாற்றித்தரச் சொல்லிக் கேட்கும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்.